இன்சுலின் காப்புரிமையை பான்டிங் ஒரு டாலருக்கு விற்றது ஏன்?

நவம்பர் 14 வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்ற ஆரம்பித்துவிடும். இன்சுலினைக் கண்டுபிடித்த டாக்டர், காப்புரிமையை வெறும் ஒரு டாலருக்குக் கொடுத்துட்டார் என்று. அந்த டாக்டர் ஃபிரெட்ரிக் பான்டிங். நவம்பர் 14 அவர் பிறந்தநாள்; அதனால்தான் அன்று உலக நீரிழிவு தினம். ஒரு டாலர் கதை உண்மைதான், ஆனால் பாதிக் கதை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு மீதிப் பாதிதான் முக்கியம்.

கையில் காசில்லாத டாக்டர்

1891-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பான்டிங். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் போய் 1918-ல் காயமடைந்தார். 1920-ல், கனடாவில் உள்ள லண்டன் என்ற ஊரில் கிளினிக் திறந்தார். முதல் மாத வருமானம் 4 டாலர்! செலவைச் சமாளிக்க அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்தார்.

அதற்காகக் கணையம் பற்றிப் படித்த இரவில்தான், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளைக் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கும் யோசனை வந்தது. டொரன்டோ பேராசிரியர் மேக்லியாட் முதலில் தயங்கினாலும், ஆய்வகமும் சோதனைக்கு நாய்களும் உதவிக்கு ஒரு மாணவரும் கொடுத்தார். அந்த மாணவர் 22 வயது சார்லஸ் பெஸ்ட். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. பான்டிங்குக்குச் சம்பளம் கிடையாது.

ஊசி வேலை செய்தது, சண்டையும் வந்தது

1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பெரிய பலன் இல்லை. குழுவில் சேர்ந்திருந்த உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் மருந்தைச் சுத்திகரித்துக் கொடுத்தார். ஜனவரி 23-ல் போட்ட ஊசியில் சர்க்கரை மளமளவென இறங்கியது. சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஆனால் அதே நாட்களில் குழுவுக்குள் பிரச்சினை வெடித்தது. சுத்திகரிக்கும் முறையைக் காலிப் சொல்ல மறுக்க, அவர் தனியாகக் காப்புரிமை எடுத்துவிடுவாரோ என்ற பயம் மற்றவர்களுக்கு. அடிதடி வரை போனதாகச் சொல்லப்படுகிறது. ஜனவரி 25-ல் பல்கலைக்கழகத்தின் கொனாட் ஆய்வகத்தோடு நான்கு பேரும் ஒப்பந்தம் போட்டார்கள். யாரும் தனியாகக் காப்புரிமை எடுக்கக் கூடாது, தனியாக கம்பெனிகளிடம் பேசவும் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

சும்மா விட்டிருக்கலாமே?

காப்புரிமையே எடுக்காமல் விட்டிருந்தால், வேறு யாராவது எடுத்து எல்லோருக்கும் கதவைச் சாத்தியிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் காப்புரிமை. டாக்டர் ஒருவர் மருந்தின் மீது காப்புரிமை வைத்திருப்பது தொழில் தர்மத்துக்கு எதிரானது என்று பான்டிங் நினைத்தார். அதனால் தன் பெயரைச் சேர்க்க விரும்பவில்லை. ஆனால் கண்டுபிடித்தவர் பெயரே இல்லாத காப்புரிமை சட்டப்படி செல்லாமல் போகலாம் என்பதால் கடைசியில் சம்மதித்தார்.

1923-ல் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். விற்பனை என்றால் ஏதாவது ஒரு விலை இருக்க வேண்டும், அதற்காக ஒரு பெயரளவுத் தொகை. அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் என்ன செய்தது?

இன்சுலினை நிர்வகிக்க டொரன்டோ ஒரு கமிட்டி அமைத்தது. பெரிய அளவில் தயாரிக்க கொனாட் ஆய்வகம் மட்டும் போதாது என்பதால், 1922 மே மாதம் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. லில்லிக்குத் தனியுரிமை ஓராண்டுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைத்தது. உரிமம் வாங்கிய நிறுவனங்கள் மருந்தை டொரன்டோவின் தரச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வந்த ராயல்டி ஆராய்ச்சிக்குப் போனது. பிரிட்டனில் உரிமை மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்குக் கொடுக்கப்பட்டது.

இடையில் தன் தயாரிப்பு முறை மேம்பாட்டுக்கு லில்லி தனிக் காப்புரிமை கேட்க, டொரன்டோவோடு உரசல் வந்தது. மூலக் கண்டுபிடிப்பு கையில் இருந்தாலும், அதன் மேல் வரும் மேம்பாடு யாருக்கு என்பது தனிக் கேள்வி. இன்று விற்கும் இன்சுலின்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் நிறுவனங்கள் மேம்படுத்தியவை. அவற்றின் காப்புரிமைகள் அந்த நிறுவனங்களிடமே இருந்தன. ஒரு டாலருக்கு விற்ற மருந்து ஏன் இவ்ளோ விலை என்ற கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

பரிசிலும் பங்கு

1923-ல் பான்டிங்குக்கும் மேக்லியாடுக்கும் நோபல் பரிசு. பான்டிங்குக்கு வயது 31. பெஸ்ட் விடுபட்டதில் கோபம். தன் பரிசுப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மேக்லியாடும் காலிப்போடு பகிர்ந்துகொண்டார். 1941 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்த விமான விபத்தில் பான்டிங் இறந்தார், 49 வயதில்.

இன்று பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்குப் போகும் எந்த ஆராய்ச்சி மாணவருக்கும் அதே கேள்விகள்தான் காத்திருக்கின்றன. கண்டுபிடித்தவர்களாக யார் யார் பெயர் வரும்? உரிமை யாருக்கு? கம்பெனிக்குத் தனியுரிமை எத்தனை காலம்? மேம்படுத்தினால் அது யாருடையது? டொரன்டோ குழு இதில் முதல் கேள்வியை அடிதடிக்குப் பிறகுதான் பேசித் தீர்த்தது. அதைச் சோதனை தொடங்கும்போதே பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.