ஜேன் மீகம்

அமெரிக்க விடுதலைக்கு உழைத்த பெருமக்களுள் பெஞ்சமின் பிராங்க்ளின் தலைசிறந்தவர். அரசியல் அறிஞராகவும், மின்னலின் இயல்பை ஆராய்ந்து கண்டவராகவும் அவரை உலகம் போற்றுகிறது. அவருடைய தங்கை ஜேனை அறிந்தோரோ மிகச் சிலரே.

இவர்களுடைய தந்தையாராகிய யோசயா, 1683-இல் இங்கிலாந்தை விட்டு வந்து பாஸ்டன் நகரில் குடியேறினார். மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்பது அவர் தொழில். மனைவியர் இருவர் வாயிலாக அவருக்கு 17 மக்கள் பிறந்தனர். ஆண்மக்களுள் கடைக்குட்டி, 1706-இல் பிறந்த பெஞ்சமின். பெண்மக்களுள் கடைக்குட்டி, 1712-இல் பிறந்த ஜேன்.

பெஞ்சமின் ஈராண்டுகளே பள்ளியில் பயின்றார். ஜேனுக்கு அவ்வாய்ப்பும் கிட்டவில்லை. அக்காலத்துப் பாஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகள் பெண்களுக்கு இடம் தரவில்லை. வீட்டிலேயே அவர் படிக்கவும், பிழைகளோடு எழுதவும் கற்றார். தமையனார் தம் 17-ஆம் வயதில் ஊரை விட்டு நீங்கிப் பிலடெல்பியாவில் அச்சுத் தொழிலால் உயர்ந்தார். ஜேன் தம் 15-ஆம் வயதில், 1727-இல், எட்வர்டு மீகம் என்னும் சேணத் தொழிலாளியை மணந்தார். அவ்வாண்டில், மணத்துக்கு முன்பே, தமையனார் அனுப்பிய பரிசு ஓர் இராட்டை.

கணவரைக் கடன் வாட்டியது. ஜேன் தம் இல்லத்தில் பிறரைத் தங்கவைத்து உணவளித்துப் பொருளீட்டினார். தம் கையால் தைத்த சிறு ஏடொன்றில் மக்களின் பிறப்பையும் இறப்பையும் குறித்து வந்தார். பெற்ற 12 மக்களுள் 11 பேர் அவர் கண்முன்னே மறைந்தனர். மைந்தர் இருவர் மறைவுக்கு முன் சித்தம் கலங்கியும் துன்புற்றனர்.

1775-இல் போர் மூண்டபோது, 63 வயதான ஜேன் பாஸ்டனை விட்டு வெளியேற நேர்ந்தது. தமையனார் அவரைப் பிலடெல்பியாவுக்கு அழைத்துச் சென்றார். 1777-இல் ஆங்கிலேயர் படை அந்நகரை நெருங்கவே, அங்கிருந்தும் ஜேன் அகன்றார்.

இத்தனை இன்னலிலும் படிப்பின்மீது அவர் கொண்ட வேட்கை தணியவில்லை. தமையனார் எழுதிய நூல்களை வேண்டிப் பெற்றார். 63 ஆண்டுகள் நீடித்தது அவ்விருவரின் கடிதத் தொடர்பு. பிராங்க்ளின் வேறெவரினும் தம் தங்கைக்கே மிகுதியான கடிதங்கள் எழுதினார். ஆயினும், தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதினாரல்லர்.

ரிச்சர்டு பிரைசு என்னும் அறிஞரின் கட்டுரையைப் படித்த ஜேன், 1786-இல் தமையனாருக்குத் தம் கருத்தை எழுதினார். நியூட்டனைப் போன்ற அறிவாற்றல் உடையோர் ஆயிரக்கணக்கானவர், அறியாமையிலும் வறுமையிலும் பிறந்த ஒரே காரணத்தால் உலகுக்குப் பயன்படாமல் மறைந்தனர் என்பதே அதன் சாரம். பள்ளி வாயிலையே மிதியாத ஒருவர் பட்டறிந்த உண்மை அது.

முதுமையில் ஜேன், தமையனார் அளித்த பாஸ்டன் வீட்டில் அமைதியாக வாழ்ந்தார். பிராங்க்ளின் 1790-இல் மறைந்தார். அவ்வீட்டையும், ஆண்டுதோறும் ஒரு தொகையையும் தங்கைக்கு உரிமையாக்கியிருந்தார். ஜேன் 1794-இல் தம் 82-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

ஒரே இல்லத்தில் பிறந்த இருவருள் ஒருவர் புகழின் உச்சியை எய்தினார். மற்றவர் அடுப்பங்கரையிலும் தொட்டிலருகிலும் வாழ்நாளைக் கழித்தார். அறிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதனை வளர்க்கும் கல்வியும் பொதுவாதல் வேண்டும் என்பதை ஜேனின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.