புயலின் பாதையை வரைந்த மாலுமி

பாலக்கோட்டில் பிறந்து வளர்ந்த எங்களில் பலர் இன்னும் கடலைக் கண்ணால் கண்டதில்லை. சின்னாற்றில் புதுவெள்ளம் வந்தால் கரையில் நின்று பார்ப்பதே எங்களுக்குப் பெரிய காட்சி. அப்படியிருக்க, கடலில் பிறக்கும் புயலைப் பற்றி நாங்கள் எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. வலுக்குறைந்து மேற்கே நகர்ந்து வந்து, நம் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டிற்று. ஏரி நிரம்பி வழிந்த நீரில், சாலையோரம் நின்ற வண்டிகள் காகிதக் கப்பல்களைப் போல் இழுத்துச் செல்லப்பட்டன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் காய்த்துக் குலுங்கிய தக்காளித் தோட்டம் நீரில் நின்று அழுகியது. அவள் தந்தையார் அந்தப் பருவத்தில் சந்தைக்கு ஒரு கூடை கூட அனுப்பவில்லை. எங்கோ இருக்கும் கடல் நம் வீட்டு அடுப்பு வரை வரக்கூடும் என்பதை அன்று அறிந்தோம். அந்தப் புயலைத் தொலைக்காட்சியில் பாம்புச் சுருள் போலக் காட்டினார்கள் அல்லவா? அந்தச் சுருளுக்கு ஆங்கிலத்தில் சைக்ளோன் என்று பெயர் வைத்தவர் யார் என்று தேடப் போனோம். அப்போது எங்களுக்குக் கிடைத்தவரே ஹென்றி பிடிங்டன்.

இவர் 1797ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே கடலோடியாகி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சென்ற வாணிகக் கப்பல்களில் பணிபுரிந்து கப்பல் தலைவராக உயர்ந்தார். பின்னர் கடலை விட்டுக் கல்கத்தாவில் குடியேறினார். அங்கே அவர் தொடாத துறை இல்லை எனலாம். இந்தியச் செடிகொடிகளுக்குப் பெயர் அகராதி தொகுத்தார். மண்ணையும் கனிமங்களையும் சோதித்தார். கனிமப் பொருட்காட்சி சாலைக்குக் காப்பாளராக இருந்தார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல் நீதிமன்றத்திற்கும் தலைமை வகித்தார். கப்பல்கள் ஏன் மூழ்கின்றன என்பதை நாள்தோறும் கேட்டவர் அவர். உடைந்த கப்பலிலிருந்து தப்பியவர்களின் வாக்குமூலங்களே அவரைப் புயலின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணுகிறோம்.

அக்காலத்தில் புயல் என்பது நேராக வீசும் பெருங்காற்று என்றே பெரும்பாலோர் நம்பினர். அமெரிக்காவில் வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர், 1821ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் மரங்கள் ஓரிடத்தில் ஒரு திசையிலும் மற்றோரிடத்தில் எதிர்த் திசையிலும் சாய்ந்து கிடந்ததைக் கண்டார். காற்று சுழன்று வந்திருக்கிறது என்று அதனால் உணர்ந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய வில்லியம் ரீட் என்னும் பொறியாளர் அதையே ஆராய்ந்து 1838இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் பிடிங்டனின் உள்ளத்தைக் கவர்ந்தது. நம் வங்கக் கடலிலும் இதுதான் நடக்கிறதா என்று பார்த்துவிடுவதெனத் துணிந்தார்.

எப்படிப் பார்ப்பது? விண்கோள் இல்லை; வானொலி இல்லை; தந்தி கூட அப்போது நம் நாட்டிற்கு வரவில்லை. புயல் அடிக்கும்போது அதைத் தொடர வழியே கிடையாது. அடித்து ஓய்ந்த பிறகுதான் அதன் காலடித் தடத்தைத் தேட முடியும். ஒவ்வொரு கப்பலிலும் மணிதோறும் காற்றின் திசை, பாரமானியின் அளவு, கப்பல் இருந்த இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பு ஒன்று உண்டு. பிடிங்டன் அந்த நாட்குறிப்புகளைக் கேட்டு வாங்கினார். ஒரே நாளில், ஒரே வேளையில் கடலின் வெவ்வேறு இடங்களில் இருந்த கப்பல்களில் காற்று எப்படி வீசியது என்பதை வரைபடத்தில் அம்புக்குறிகளாக இட்டார். அம்புகள் ஒரு வட்டமாகக் கூடின. மறுநாளுக்கும் அவ்வாறே வரைந்தார், வட்டம் நகர்ந்திருந்தது. அந்த வட்டங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் புயல் வந்த பாதை!

1839ஆம் ஆண்டு ஜூன் மாதப் புயலைப் பற்றி அவர் எழுதிய முதல் ஆய்வுரை ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆந்திரக் கரையிலுள்ள கோரிங்காத் துறைமுகத்தைக் கடல் விழுங்கியது. அப்புயலைப் பற்றியது இரண்டாவது உரை. 1841ஆம் ஆண்டுச் சென்னைப் புயலும் அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட உரைகளை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விடாமல் எழுதினார். ஒரு கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் அவரது பொறுமை எங்களுக்கு மலைப்பைத் தருகிறது.

எல்லாவற்றிலும் எங்களை மிகவும் கவர்ந்தது அவர் செய்த ஒரு சிறு பொருள். மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாகச் சீவினால் கண்ணாடி போல ஊடே தெரியும். அத்தகைய தகட்டில் வட்டங்களை வரைந்து, புயலின் எந்தப் பக்கத்தில் எந்தத் திசைக் காற்று வீசும் என்பதைப் பொறித்தார். நடுக்கடலில் அகப்பட்ட கப்பல் தலைவர் இதைத் தம் வரைபடத்தின் மேல் வைத்து, தகட்டில் அப்போதைய காற்று குறிக்கப்பட்ட இடம் தம் கப்பலின் மேல் வருமாறு நகர்த்துவார். வட்டத்தின் நடு எங்கே விழுகிறதோ அங்கேதான் புயலின் மையம். காட்டாக, வங்கக் கடலில் வாடைக்காற்று சீறி வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்கு நோக்கி அதை எதிர்த்து நின்றால், நம் வலக்கைப் பக்கமாகிய கிழக்கே மையம் இருக்கிறது என்று பொருள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் சுற்றுவதால் இரண்டு தகடுகள் செய்தார். காற்று சரியான வட்டமாக வீசாமல் சற்று உள்நோக்கிச் சாய்வதால், மையம் தகடு காட்டும் இடத்திலிருந்து சிறிது விலகி இருக்கும் என்பதைப் பின்வந்தோர் தெளிவாகக் கண்டனர். ஆயினும் எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு அத்தகடு எத்தகைய துணை!

தெரியாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் ஆராய்ந்த சார்லஸ் ஹெடில் என்னும் கப்பலே சான்று. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் தீவருகே புயலில் சிக்கிய அக்கப்பல், காற்று தள்ளிய வழியே பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. தப்பி வெகுதூரம் போய்க்கொண்டிருக்கிறோம் என்று எண்ணியிருப்பார்கள், பாவம். உண்மையில் செக்குமாடு போல ஐந்து நாட்கள் புயலின் மையத்தை ஐந்து முறை சுற்றியிருந்தது! காற்று சுழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை அவர் தேடியிருக்க முடியாது.

1848இல் இவற்றையெல்லாம் திரட்டி எளிய நடையில் மாலுமிகளுக்கு ஒரு கையேடு எழுதினார். அதன் தலைப்பில் அரிச்சுவடி என்று பொருள்படும் சொல்லையே வைத்தார். அக்காலத்து ஆங்கிலப் பிள்ளைகளின் அரிச்சுவடிக்கு மேல் கொம்புத் தகடு பதித்திருப்பார்கள்; ஆகையால் பெயர் இருவகையிலும் பொருந்திற்று. அந்நூலில்தான் பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்ளோன் என்னும் பெயரை ஆக்கினார். இப்புயல்கள் சரியான வட்டங்களும் அல்ல என்று அறிந்திருந்ததாலேயே வட்டம் என்னாமல் சுருள் என்றார். அது நிற்க, நம் புயல் என்னும் சொல் பழந்தமிழில் மேகத்தைக் குறித்தது என்று எங்கள் தமிழாசிரியை கூறியபோது நாங்கள் வியந்தோம்.

இனி அவர் வாழ்வின் வருத்தமான பகுதிக்கு வருவோம். கல்கத்தாவுக்குச் செல்லும் ஊக்ளி ஆறு மண் மூடிப் போய்விடும் என்று அரசாங்கம் அஞ்சியது. சுந்தரவனத்தின் அருகே மாத்லா ஆற்றில் புதிய துறைமுகம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. பிடிங்டன் திடுக்கிட்டார். புயற்காற்று கடல்நீரை முன்னே தள்ளிக்கொண்டு வரும். வங்கக் கடலின் வடகோடியோ ஆழமற்றது, புனல் போலக் குறுகுவது. அங்கே நீர் பரவ இடமின்றி மலைபோல் எழுந்து நிலத்தில் ஏறும். கோரிங்காவில் கண்டது அதைத்தான். எனவே 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிப் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி அச்சிட்டார். ஒருநாள் புயலினூடே உப்புநீர் உருண்டு வந்து அக்குடியிருப்பு முழுவதையும் ஐந்து முதல் பதினைந்து அடி ஆழத்தில் மூழ்கடிக்கும், அதற்கு ஆயத்தமாக இருங்கள் என்பதே அதன் சாரம். அரசாங்கம் செவிசாய்க்கவில்லை. அடுத்த ஆளுநரின் பெயரால் கானிங் துறைமுகம் எழுந்தது. ரயில் பாதையும் போடப்பட்டது.

பிடிங்டன் 1858இல் காலமானார். தம் கணிப்பு பலிப்பதை அவர் காணவில்லை.

1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அதன் பிறகே துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை விடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. இதற்கிடையில், 1867 நவம்பர் முதல் நாள், மற்றொரு புயல் வந்தது. கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைக் குருவாகிய லஃபோன் அடிகளார் மொட்டை மாடியில் சிறு ஆய்வுக்கூடம் அமைத்து வானிலையைக் கவனித்து வந்தார். அவர் அந்நாளில் வரவிருந்த புயலை முன்னதாகவே உணர்ந்து அதிகாரிகளுக்கு அறிவித்தார். அதனால் உயிர்கள் பல காக்கப்பட்டன. கானிங்கிலோ, மாத்லா ஆற்றின் வழியே கடல் ஏறி வந்து துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. ரயில் பாதை மட்டும் இன்றும் இருக்கிறது. சுந்தரவனத் தீவுகளுக்குச் செல்வோர் அந்த ரயிலில் கானிங் வந்து இறங்குகிறார்கள்.