பந்தயக் காரும் குடும்பக் காரும் வரைந்த கை

சென்னையில் உள்ள பெரியவர்களுக்கு "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார் நன்றாக நினைவிருக்கும்.

மயிலாப்பூர் மாட வீதியிலும், தியாகராயநகரிலும், அடையாறிலும் ஒரு காலத்தில் அந்தச் சின்னக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. முன்னால் புருவம் வைத்தாற்போல இரண்டு விளக்குகள். பின்னால் மீன் வால் போல இரண்டு கூர் முனைகள்.

அது சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரான கார். ஆனால் அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலி தேசத்துக்காரர். உலகப் புகழ் பெற்ற "பெராரி" பந்தயக் கார்களுக்கு உருவம் கொடுத்த அதே கைதான் நம் ஊர்க் குடும்பக் காரையும் வரைந்தது!

அவர் பெயர் ஜியோவன்னி மிக்கெலொட்டி.

ஹெரால்டு காரில் ஏறிக் கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் போனவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்?

வேலைக்குப் போன சிறுவன்

இத்தாலியின் வடக்கே டூரின் என்று ஒரு நகரம் இருக்கிறது. நம் கோயமுத்தூருக்குப் பஞ்சாலை எப்படியோ, அப்படி டூரினுக்கு மோட்டார் கார்.

அந்த நகரில் 1921-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி மிக்கெலொட்டி பிறந்தார்.

மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர் வேலைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 15, 16தான் இருக்கும். "ஸ்டாபிலிமென்டி பரீனா" என்ற பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார்.

அது என்ன பட்டறை?

நம் ஊரில் லாரிக்கும் பஸ்சுக்கும் "பாடி" கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். என்ஜினும் சக்கரமும் பொருத்திய சேஸிஸ் தனியாக வரும். அதன் மேல் கூடு கட்டுவது வேறு ஆட்களின் வேலை. அந்தக் காலத்தில் இத்தாலியில் உயர்ந்த ரகக் கார்களுக்கும் இப்படித்தான் பாடி கட்டினார்கள். அதற்கென்று டூரினில் பல பட்டறைகள் இருந்தன.

சிறுவன் மிக்கெலொட்டியின் கையில் பென்சில் துள்ளி விளையாடியது. சில ஆண்டுகளிலேயே பட்டறையின் முக்கிய வரைவாளர் ஆகிவிட்டார்.

பிறகு உலக யுத்தம் வந்தது. டூரின் மீது குண்டுகள் விழுந்தன. யுத்தம் ஓய்ந்து நாடு மெல்ல எழுந்தபோது, மிக்கெலொட்டி துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். 1949-ல் தனியாக வரைபட நிலையம் தொடங்கினார்.

அவரிடம் தொழிற்சாலை இல்லை. சம்மட்டி இல்லை, தகடு இல்லை. பென்சிலும் காகிதமுமே மூலதனம்!

பெராரிக்குச் சட்டை

பழைய பட்டறையில் வேலை பார்த்த இன்னொருவர் ஆல்பிரெடோ வின்யாலே. அவரும் தனியாகப் பட்டறை வைத்திருந்தார். மிக்கெலொட்டி வரைவார், வின்யாலே தகட்டை அடித்து உருவாக்குவார். இருவரும் நல்ல ஜோடியாக அமைந்தார்கள்.

அதே காலத்தில் என்சோ பெராரி என்பவர் தம் பெயரிலேயே கார் செய்யத் தொடங்கியிருந்தார். அவருடைய முதல் கார் 1947-ல் வெளிவந்தது. அவருக்கு என்ஜின்தான் உயிர். மேல் சட்டையைத் தைக்கும் வேலையைப் பட்டறைகளிடம் விட்டுவிட்டார். அந்தச் சட்டைகளில் பல, மிக்கெலொட்டி வரைந்து வின்யாலே தைத்தவை.

1951-ல் மெக்சிகோ நாட்டில் ஒரு பயங்கரப் பந்தயம் நடந்தது. தூரம் 3 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். மலை, பாலைவனம் எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டும். முதல் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் பிடித்தவை வின்யாலே பாடி கட்டிய பெராரி கார்கள்! அடுத்த ஆண்டு இத்தாலியின் புகழ்பெற்ற ஆயிரம் மைல் பந்தயத்திலும் வின்யாலே பாடி கட்டிய பெராரியே வென்றது.

ஆனால் ஒன்று. காரின் முகப்பில் பெராரியின் பெயர் இருந்தது. பக்கத்தில் வின்யாலேயின் பெயர் இருந்தது. வரைந்தவரின் பெயர் எங்கும் இல்லை.

யார் கேட்டாலும் வரைந்து கொடுப்பார் மிக்கெலொட்டி. கூலியை வாங்கிக்கொள்வார். அடுத்த காகிதத்தை எடுப்பார்.

ஆபத்தில் உதவிய பென்சில்

1957-ல் இங்கிலாந்திலிருந்து ஸ்டாண்டர்டு-ட்ரயம்ப் கம்பெனி அவரை நாடியது. காவன்ட்ரி நகரில் இருந்த அந்தக் கம்பெனிக்குப் புதிதாக ஒரு சின்னக் கார் தேவைப்பட்டது.

அங்கே ஒரு பெரிய சிக்கல். அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது! முழுப் பாடியை ஒரே கூடாகச் செய்துதர ஆள் இல்லை. ஆகவே தலைமை என்ஜினீயர் ஹாரி வெப்ஸ்டர் ஒரு வழி கண்டார். பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸிஸ் மீது போல்ட் போட்டு முடுக்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

துண்டுகளைச் சேர்த்த கார் ஒட்டுப்போட்ட சட்டை போலத் தோன்றினால் யார் வாங்குவார்கள்? அங்கேதான் மிக்கெலொட்டியின் திறமை வெளிப்பட்டது. நேரான கோடுகளால் அழகாக வரைந்து தந்தார். 1959-ல் கார் வெளிவந்தது. அதுதான் ஹெரால்டு.

வண்டலூரில் பிறந்த கார்

தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு அங்கே தயாராயிற்று.

போல்ட் போட்டு முடுக்கும் முறை நமக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யப்பட்டன.

அந்தக் காரின் வசதிகள் பல. முன் மூடி இரண்டு பக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்புறமாகச் சாயும். மெக்கானிக் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைப் பழுது பார்க்கலாம். 25 அடி அகலத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு குறையும் இருந்தது. இரண்டே கதவுகள். பாட்டி பின் இருக்கைக்குப் போக வேண்டுமானால் முன் இருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும்! ஆகவே அறுபதுகளின் இறுதியில் நான்கு கதவுள்ள ஹெரால்டு இங்கே தயாரிக்கப்பட்டது. இங்கிலாந்தில்கூட அப்படி ஒரு ஹெரால்டு செய்யப்படவில்லை.

ஓயாத உழைப்பு

மிக்கெலொட்டி ஓயவில்லை. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. 1959-ல் வந்த 'பி.எம்.டபிள்யூ. 700' என்ற சின்னக் கார் அதைத் தூக்கி நிறுத்த உதவியது. ஒரு லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் விற்ற அந்தக் காரின் உருவமும் மிக்கெலொட்டியுடையதே.

ட்ரயம்ப் ஸ்பிட்பயர், இத்தாலியின் மசராட்டி செப்ரிங், ஜப்பானின் ஹினோ கான்டெசா என்று பட்டியல் நீளும். ஆயிரத்துக்கு மேற்பட்ட உருவங்களை அவர் வரைந்தார்.

1980-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 58.

அவர் வரைந்த பழைய பெராரிகள் இன்று ஏலத்தில் பல கோடி ரூபாய்க்குப் போகின்றன. ஹெரால்டுக்கு அந்த விலை கிடையாது. வண்டலூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் சென்னையில் பழைய கார் அணிவகுப்பு நடந்தால், தாத்தா வாங்கிய ஹெரால்டைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டு பேரன்மார் வருகிறார்கள்.

சென்னை தரமணியில் சென்ட்ரல் பாலிடெக்னிக் இருக்கிறது. 1916-ல் தொடங்கிய தொழிற்கல்வி நிலையம் அது. பத்தாம் வகுப்பு முடித்து, 15, 16 வயதில் பிள்ளைகள் அங்கே வந்து வரைபடம் பழகுகிறார்கள். மிக்கெலொட்டி பென்சிலைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்ததும் அதே வயதில்தான்.

பணக்காரரின் பந்தயக் காருக்குக் கொடுத்த அழகை, சாதாரணக் குடும்பத்தின் காருக்கும் குறைக்காமல் கொடுத்தார் அவர். காரில் அவர் பெயர் இல்லை. ஆனால் அந்தக் காரின் ஒவ்வொரு கோடும் அவர் கையெழுத்துதான்!