இரேனியஸ்: சொல்லும் பந்தியும்

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் கூடித் தமிழ் வளர்க்கும் நாம், நெல்லைச் சீமையின் உரைநடை வரலாற்றை எண்ணும்போது மறத்தலாகாத பெயர் ஒன்று உண்டு. அப்பெயருக்குரியவர் இரேனியஸ். 1790ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பிரசிய நாட்டில் பிறந்த இவர், 1814இல் திருச்சபைப் பணியாளராகச் சென்னை வந்தார். 1820இல் பாளையங்கோட்டையைத் தம் பணிக்களமாக்கிக்கொண்டார்.

திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பல்லாண்டுகள் பாடங்கேட்டுத் தமிழ் இலக்கண இலக்கியங்களில் தோய்ந்தார். பின்னாளில் தமிழுக்கு இலக்கணநூலும், 1832இல் ‘பூமி சாஸ்திரம்’ என்னும் நூலும் யாத்தளித்தார். ஆயினும் அவர்தம் வாழ்வின் பெரும்பணி விவிலியத் தமிழாக்கமே.

அக்காலத்தே வழங்கிவந்தது பப்ரிசியஸின் பெயர்ப்பு. மூலத்தின் சொல்லடைவை விடாது பற்றிச் செல்வது அதன் இயல்பு. பொருள் விளங்காத உண்மையால் கேட்போர்க்குப் பயனில்லை என்று கருதினார் இரேனியஸ். தமிழின் தொடரமைதிக்கு இசைய மூலத்தின் கருத்தைத் தருவதே மொழிபெயர்ப்பு என்னும் கொள்கையை 1827இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். அக்கொள்கையில் உருவான அவரது புதிய ஏற்பாடு 1833இல் முழுமையாக வெளிவந்தது.

எல்லார்க்கும் விளங்கும் சொல்லை நாடிய அவர், எல்லாரும் அமரும் பந்தியையும் நாடினார். அவரது பயிற்சிப் பள்ளியில் மேற்சாதி மாணவர் பிறரோடு உண்ண மறுத்தபோது, பள்ளியையே கலைத்துவிட்டு, உடனுண்ண இசைந்தோரைக்கொண்டு மீண்டும் தொடங்கினார். ஒடுக்கப்பட்டுப் புகலிடமின்றி நின்ற கிறித்தவர்க்கு நிலம் வாங்கி ஊர்கள் அமைத்தார். தோனா என்னும் செருமானியப் பிரபுவின் பொருளுதவியால் 1827இல் எழுந்த டோனாவூர் அவற்றுள் ஒன்று.

எதிர்ப்பு தஞ்சையிலிருந்து எழுந்தது. எதிர்த்தவரோ நெல்லை மண்ணிலேயே 1774இல் பிறந்த பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார். பழகிய வேதத்தை மாற்றுதல், சாதி வேறுபாடின்றி அமரச் செய்தல், பூவை விலக்குதல், இசைப்பாடலைத் தடுத்தல் ஆகியவற்றைப் புதிய குருமாரின் கொடுமைகளென அவர் அடுக்கினார். இவற்றுள் சாதி பற்றிய முறையீட்டை நாம் ஏற்றல் இயலாது. ஆனால், செவியில் ஊறிய வேதமொழியையும் பாட்டையும் இழக்க நேர்ந்த ஒரு கவிஞரின் நோவைக் கவிஞர்களாகிய நாம் உணராதிருத்தலும் இயலாது. இரு முறையீடுகளும் ஒரே மூச்சில் வெளிப்பட்டமையே அக்காலத்தின் அவலம்.

ஒரே பந்தியை விழைந்த இரேனியஸின் கையாலேயே சபை பிளவுண்டதும் வரலாறு. ஆங்கிலத் திருச்சபையின் ஆயர் முறையையும் குருத்துவ அருட்பொழிவு முறையையும் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். 1835இல் சங்கம் அவரை விலக்கியது. ஆர்க்காடு சென்றவர், உபதேசிமார் அழைக்க அவ்வாண்டே திரும்பினார். நெல்லைக் கிறித்தவர் இரு கட்சியாயினர். அப்பூசல் தீருமுன்னரே, 1838 சூன் 5ஆம் நாள், 47ஆம் வயதில் அவர் மறைந்தார். பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் அவர்தம் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அதன்பின் பிரிந்தோர் பெரும்பாலும் ஒன்றுகூடினர்.

அவரது பெயர்ப்பு அப்படியே நிலைபெறவில்லை. எனினும், 1871இல் பவர் ஐயர் தலைமையில் நிறைவுற்ற கூட்டுத் திருப்புதலில், பப்ரிசியஸின் மூலப்பற்றும் இரேனியஸின் தெளிவும் கைகோத்தன. வாழ்நாளில் எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரு தமிழும் ஏட்டில் ஒரே பந்தியில் அமர்ந்தன. மனிதர் அவ்வாறு அமர்வதற்கோ இன்னும் நெடுங்காலம் தேவைப்பட்டது. சொல்லைத் திருத்துவோர் பந்தியையும் திருத்தக் கடமைப்பட்டவர் என்பதே அவர் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.