காட்டைக் காத்த வேட்டைக்காரர்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

புலிகளைச் சுட்டுக் கொன்ற ஒருவரின் பெயரைப் புலிகள் வாழும் பூங்காவுக்கே சூட்டியிருக்கிறார்களே, இது என்ன விந்தை? வகுப்பில் கார்பெட் தேசியப் பூங்காவைப் பற்றிக் கேட்ட அன்று என் மனத்தில் எழுந்த வினா இது. விடை தேடி நூலகத்துக்குச் சென்றேன்.

ஜிம் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள நைனிடால் நகரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் அதிகாரி. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குளிர்காலத்தில் குடும்பம் தங்கிய காலாதுங்கிக் காடுதான் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம். தடத்தைப் பார்த்து விலங்கையும் குரலைக் கேட்டுப் பறவையையும் அறியப் பழகினார். மேற்படிப்புக்கு வசதியில்லாமல் ரயில்வே வேலைக்குப் போனார். கங்கைக் கரையில் மொகாமா காட் என்னுமிடத்தில் சரக்கு ஏற்றியிறக்கும் ஒப்பந்தக்காரராக, சுமை தூக்கும் தொழிலாளர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1907இல் சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி மக்களை அச்சுறுத்தியது. நேபாளத்திலும் குமாவூனிலும் அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதைச் சுட இசைந்த கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பரிசு அறிவிப்பை விலக்க வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் வெளியேற வேண்டும். காசுக்குச் சுடுபவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். புலி வீழ்ந்த பிறகு அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எவரோ என்றோ சுட்ட குண்டின் வேலை அது! இரையைப் பிடிக்க இயலாத புலி மனிதரைப் பிடித்தது. அப்படியானால் குற்றவாளி யார்?

1926இல், பத்ரிநாத் யாத்திரை வழியில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையைச் சுட்டார். பின்னாளில் அவர் மனம் படப்பிடிப்புக் கருவியை நாடியது. கருவியின் ஓசை புலியை மிரட்டுமென்று ஓடையில் சிறு அணைகள் கட்டி, நீர் விழும் சத்தத்தில் அதை மறைத்தார். ஏழு புலிகளைப் படமெடுத்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, ஹெய்லி பூங்கா என்ற பெயரில் அமைந்தபோது அதற்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆயினும் 1938இல், அறுபத்துமூன்று வயதில், தாக் என்ற ஊர் மக்களுக்காக மீண்டும் துப்பாக்கியை எடுத்தார். விலங்கைக் காப்பவன் ஊரைக் கைவிடலாகாது என்று எண்ணினார் போலும்.

காலாதுங்கி அருகே சோட்டி ஹல்துவானி என்னும் சிற்றூரை வாங்கி, காட்டு விலங்குகள் பயிரில் இறங்காதபடி நீண்ட கல்மதில் எழுப்பினார் என்று படித்தேன். இதை என் தாத்தாவிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீராம்பட்டினக் கடற்கரையில் தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். மணலில் தடம் பார்த்துக் குழியைக் காண்பதில் தாத்தாவுக்கு நிகரில்லை. சிறுவனாக அவருடன் சென்று நானும் முட்டை எடுத்திருக்கிறேன். அது சட்டப்படி குற்றம் என்று கல்லூரியில் அறிந்து வீட்டில் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. ஆமை சிக்கி வலை கிழிந்தால் யார் தருவார் என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை. கார்பெட்டின் மதிலைப் பற்றி மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். இந்த மாசியில் ஒரு குழியைக் கண்டும் தோண்டாமல் வந்துவிட்டார். வலையின் விலையை அவர் மறந்துவிடவில்லை.

1947இல் கார்பெட், தம் தமக்கை மேகியுடன் கென்யாவில் குடியேறினார். நியேரியில், சாரணர் இயக்கம் கண்ட பேடன் பவல் வாழ்ந்த குடிலிலேயே தங்கினார். 1952 பிப்ரவரியில் அபர்டேர் காட்டு மரவிடுதியில் இளவரசி எலிசபெத்துக்குத் துணையாகக் காவலிருந்தார். அந்த இரவில்தான் மன்னர் மறைந்து இளவரசி அரசியானார். 1955 ஏப்ரல் 19ஆம் நாள் கார்பெட் காலமானார். அதன் பின்னரே பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

இவ்வளவு செய்தவரை அவ்வளவு தூரத்தில் புதைத்துவிட்டார்களே என்பது தாத்தாவின் குறை.