எடிசன் அம்மாவிடம் வந்த கடிதம்: வாட்ஸ்அப் கதையும், வீட்டிலேயே படித்த சிறுவனின் நிஜக் கதையும்

ஃபேமிலி குரூப்பில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்த ஃபார்வேர்டு வந்துவிடும். சிறுவன் எடிசன் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவருகிறான். உங்கள் மகன் மேதை, அவனுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஆசிரியர் இல்லை என்று அம்மா கண்ணீரோடு வாசித்துக் காட்டுகிறார். அம்மா இறந்து பல வருடம் கழித்து அந்தக் கடிதம் மகன் கையில் கிடைக்கிறது. உங்கள் பையனுக்கு மூளை சரியில்லை, இனி அனுப்ப வேண்டாம் என்பதுதான் அதில் இருக்கிறது.

படித்தால் கண் கலங்கும். ஆனால், அப்படி ஒரு கடிதம் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் பலருக்கு எடிசன்தான் முதல் உதாரணம். அதனால் அந்த வீட்டில் நிஜமாக என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பள்ளியில் என்ன பிரச்சினை?

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11-ம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள மிலன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1854-ல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரானுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதிலேயே காய்ச்சலும் காது நோயும் வாட்டின. பின்னாளில் காது கிட்டத்தட்ட கேட்காமலே போனது.

அங்கே ஒரு சிறிய பள்ளியில் சேர்த்தார்கள். மனப்பாடம்தான் அன்றைய பாடமுறை. எடிசனுக்கு அது ஒட்டவே இல்லை. இவன் மூளை குழம்பியவன் என்று ஆசிரியர் வேறொருவரிடம் சொன்னது ஒருநாள் அவர் காதில் விழுந்தது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னார். அம்மா நேரே பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் சண்டை போட்டுவிட்டு மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இதைப் பிற்காலத்தில் சொன்னவர் எடிசனேதான்.

ஆக, அம்மா எதையும் மறைக்கவில்லை. ஆசிரியர் என்ன நினைத்தார் என்பது பையனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அம்மா தன் பக்கம் நிற்கிறார் என்பதும் தெரியும்.

அதன்பிறகு பள்ளி வாசலையே மிதிக்கவில்லை என்பதும் சரியல்ல. கொஞ்ச காலம் இன்னொரு பள்ளிக்குப் போயிருக்கிறார். ஆனால் படிப்பின் பெரும்பகுதி வீட்டில்தான். அப்போது மிச்சிகனில் கட்டாயக் கல்விச் சட்டம் கிடையாது. அது 1871-ல்தான் வந்தது.

அம்மா என்ன செய்தார்?

அம்மா நான்சி, கல்யாணத்துக்கு முன்பு கனடாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீட்டுப் படிப்பு கைகொடுத்ததற்கு இது முக்கியமான காரணம். மூத்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், கடைக்குட்டிக்கென்று ஒதுக்க அவரிடம் நேரமும் இருந்தது.

பையனுக்கு வயதுக்கு மீறிய புத்தகங்களை அறிமுகப்படுத்தினார். கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வரலாறு, ஹியூம் எழுதிய இங்கிலாந்து வரலாறு போன்ற தடித்தடியான நூல்கள் அவை. பத்து வயதை ஒட்டி, பார்க்கர் என்பவர் பள்ளி மாணவர்களுக்காக எழுதிய இயற்பியல் புத்தகம் கைக்கு வந்தது. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நிறைந்த புத்தகம். எடிசன் அதிலிருந்த சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆரம்பித்தார். புத்தகத்தில் போட்டிருப்பது நிஜமா என்று தானே சோதித்துப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் தொடங்கியது.

வீட்டின் நிலவறை ஆய்வுக்கூடமானது. ரசாயன பாட்டில்களை யாரும் தொடக்கூடாது என்பதற்காக எல்லாவற்றிலும் விஷம் என்று எழுதி ஒட்டினார். குப்பையும் நாற்றமும் தாங்காமல், எல்லாவற்றையும் காலி பண்ணு என்றார் அம்மா. பையன் முகம் வாடியதும் இறங்கிவந்தார். ஆனால் அறைக்குப் பூட்டு போட வேண்டும் என்று கண்டிஷன் போட்டார். அந்த வீட்டுப் பள்ளியில் சுதந்திரம் இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது.

12 வயதில் வேலைக்கு

1859-ல், 12 வயதில், போர்ட் ஹியூரான்–டெட்ராய்ட் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கப் போனார். சம்பாத்தியத்தில் தினமும் ஒரு டாலர் அம்மா கையில் கொடுத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். டெட்ராய்டில் ரயில் திரும்பக் கிளம்பும்வரை பல மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தை நூலகத்தில் கழித்தார். சரக்குப் பெட்டியில் சின்ன ஆய்வுக்கூடம் வைத்தார். 1862-ல் ஓடும் ரயிலிலேயே ஒரு பத்திரிகையும் அச்சடித்து விற்றார்.

அதே ஆண்டு, மவுண்ட் கிளெமன்ஸ் ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, நகர்ந்து வந்த பெட்டியிடமிருந்து காப்பாற்றினார். அதற்குக் கைமாறாக ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குத் தந்தித் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். மின்சாரத்தோடு அவருக்கு நெருக்கம் வளர்ந்தது இப்படித்தான்.

விடுபட்டது என்ன?

ஃபார்வேர்டுகள் சொல்லாத பகுதி இது. எடிசனுக்குக் கணக்கு கடைசிவரை வசப்படவில்லை. சின்ன வயதிலேயே நியூட்டனின் கடினமான நூலைப் படிக்க முயன்று, கணிதத்தின் மீதே வெறுப்பு வந்துவிட்டதாக அவரே சொன்னார். படிப்படியாகக் கணிதம் கற்றுத்தர யாரும் இல்லாததன் விளைவு அது.

1878-ல் மின்விளக்கு வேலையில் இறங்கியபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. ஒரு விளக்கை எரியவைத்தால் மட்டும் போதாது. ஊர் முழுக்கக் கம்பி இழுத்தால் செம்புக்கு எவ்வளவு செலவாகும், விளக்கின் மின்தடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. எடிசன் அதற்கு ஆள் எடுத்தார். பிரின்ஸ்டனிலும் பெர்லினிலும் படித்த கணித வல்லுநர் பிரான்சிஸ் அப்டன்தான் அவர். மென்லோ பார்க்கில் 1879-ல் எரிந்த விளக்குக்குப் பின்னால் வீட்டில் படித்தவரின் விடாப்பிடியும் இருந்தது, பல்கலைக்கழகத்தில் படித்தவரின் கணக்கும் இருந்தது.

அம்மா எவ்வளவு தூரம் பார்த்தார்?

நான்சி 1871 ஏப்ரலில் இறந்தார். அப்போது எடிசனுக்கு 24 வயது. 1869-ல் வாங்கிய முதல் காப்புரிமையான வாக்குப்பதிவுக் கருவியை யாரும் வாங்க முன்வரவில்லை. தந்திக் கருவிகளில்தான் அப்போது மெல்லக் காலூன்றிக்கொண்டிருந்தார். 1877-ன் ஃபோனோகிராஃபையோ, 1882-ல் நியூயார்க்கில் தொடங்கிய மின்நிலையத்தையோ, மொத்தம் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளையோ அம்மா பார்க்கவில்லை. தன்னை உருவாக்கியவர் அம்மாதான் என்று 1931-ல் இறக்கும்வரை எடிசன் சொல்லிவந்தார்.

சரி, தன் பிள்ளைகளை எடிசன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தாரா? இரண்டாவது மனைவி மினாவுக்குப் பிறந்த மகன்கள் சார்லஸ், தியோடர் இருவருமே எம்.ஐ.டி.யில் படித்தார்கள். தியோடர் அங்கே இயற்பியலில் பட்டம் பெற்றார்.

கற்றுத்தரத் தெரிந்த ஒருவர், அவர் ஒதுக்கும் நேரம், தப்பு செய்ய ஓர் இடம் ஆகிய மூன்றும் அந்த வீட்டில் அமைந்தன. அமையாத ஒன்றுக்கு எடிசன் பின்னால் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை அந்தக் கடிதம் குரூப்பில் வந்தால், பதிலுக்கு இதைச் சொல்லலாம்.