அலென் டானியேலு

அலென் டானியேலு (அக்டோபர் 4, 1907 - சனவரி 27, 1994) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இசையியலாளரும் இந்தியவியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆவார். சென்னை அடையாறு நூலகத்தின் இயக்குநராக 1954 முதல் 1956 வரை பணியாற்றினார். சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்ற வகையில் தமிழர்களிடையே அறியப்படுகிறார். இந்திய இசையின் நுண்ணிய சுருதிகளைத் துல்லியமாக ஒலிக்கும் கருவி ஒன்றை உருவாக்குவதற்காக ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முயன்றார். அம்முயற்சியின் பயனாக உருவான இலத்திரனியல் கருவியின் வழிவந்த மென்பொருள், இவரது மறைவுக்குப் பின் வீட்டுக் கணினியில் இசையமைப்போருக்கு இலவசமாகக் கிடைத்தது.

இளமை

டானியேலு பாரிசை அடுத்த நொய்யி நகரில் பிறந்தார். தந்தை சார்லசு டானியேலு பிரெத்தானியப் பகுதியைச் சேர்ந்த அரசியல்வாதி. பலமுறை அமைச்சராக இருந்தவர். தாய் மதலேன் கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களைத் தோற்றுவித்தவர். உடன்பிறந்தவரான சான் டானியேலு இயேசு சபைத் துறவியாகிப் பின்னாளில் கர்தினால் ஆனார். அலென் சமயக் கல்வியை விட்டு விலகிக் கலைகளின் பக்கம் சென்றார். சார்லசு பன்சேராவிடம் வாய்ப்பாட்டும், மாக்சு தொலோனிடம் இசையமைப்பும், நிக்கலாசு லெகாட்டிடம் நடனமும் பயின்றார்.

சாந்திநிகேதனும் காசியும்

1932 ஆம் ஆண்டில், தம் நெருங்கிய தோழரும் சுவிட்சர்லாந்து ஒளிப்படக் கலைஞருமான ரேமண்டு பர்னியருடன் டானியேலு இந்தியாவுக்கு வந்தார். சாந்திநிகேதனில் இரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தார். தாகூர் இவரிடம் நம்பிக்கை கொண்டு, ஐரோப்பிய எழுத்தாளர்களுக்கான செய்திகளை இவர் வழியாக அனுப்பினார். பின்னர் தமது இசைப் பள்ளியின் பொறுப்பையும் அளித்தார். தாகூரின் பாடல்கள் பதினெட்டினை, மூல மெட்டு மாறாமல், குரலுக்கும் பியானோவுக்கும் ஏற்றவாறு டானியேலு அமைத்தார்.

1930களின் பிற்பகுதியில் இருவரும் காசியில் குடியேறினர். அசிக் கட்டத்தில் கங்கைக் கரையிலுள்ள ரீவா கோத்தி என்னும் மாளிகையில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தனர். டானியேலு இந்தியும் சமசுக்கிருதமும் கற்றார். சிவேந்திரநாத் பாசுவிடம் பல ஆண்டுகள் வீணை பயின்றார். சுவாமி கர்பாத்ரியின் வழியில் சைவ தீட்சை பெற்றுச் சிவசரண் என்ற பெயரை ஏற்றார். 1949 ஆம் ஆண்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பேராசிரியர் பொறுப்பு இவருக்கு வழங்கப்பட்டது.

சுருதிச் சிக்கல்

ஐரோப்பிய இசையும் இந்திய இசையும் அறிந்த டானியேலுவின் கவனத்தை ஈர்த்தது சுரங்களின் அளவு பற்றிய கேள்வியாகும். பியானோவிலும் ஆர்மோனியத்திலும் ஒரு தாயி பன்னிரண்டு சம பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. இதனால் எந்தச் சுரத்தையும் ஆதார சட்சமாகக் கொண்டு வாசிக்க முடிகிறது. ஆனால் சட்சமத்தைத் தவிர வேறு எந்தச் சுரமும் இயற்கையான எளிய விகிதத்தில் அமைவதில்லை. சட்சமத்தை நொடிக்கு 240 அதிர்வுகள் எனக் கொண்டால் வேறுபாடு பின்வருமாறு அமையும்:

- அந்தர காந்தாரம்: இயற்கை விகிதத்தில் (5/4) 300, சமப் பகுப்பில் சுமார் 302.4
- பஞ்சமம்: இயற்கை விகிதத்தில் (3/2) 360, சமப் பகுப்பில் சுமார் 359.6
- சதுச்ருதி தைவதம்: இயற்கை விகிதத்தில் (5/3) 400, சமப் பகுப்பில் சுமார் 403.6

பஞ்சமத்தில் வேறுபாடு மிகச் சிறியது. காந்தாரத்தில் அது செவிக்குப் புலப்படும். சட்சமத்தின் ஐந்தாம் மேற்சுரமும் காந்தாரத்தின் நான்காம் மேற்சுரமும் இயற்கை விகிதத்தில் 1200 அதிர்வுகளில் ஒன்றிவிடும். சமப் பகுப்பில் இரண்டாவது ஏறத்தாழ 1209.5 ஆகிவிடுவதால், நொடிக்கு ஒன்பது அல்லது பத்து முறை ஒலி ஏறி இறங்கும் அதிர்வு கேட்கும். தம்புராவுடன் சேர்த்து ஆர்மோனியம் வாசிக்கும்போது தோன்றும் உறுத்தலுக்கு இதுவும் ஒரு காரணமாகும். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தடை செய்திருந்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் சுருதிக் குறைபாடும் ஒன்று.

சுருதி பற்றிய விவாதம் இந்தியாவில் பழமையானது. பரதரின் நாட்டிய சாத்திரம், ஒரே அளவில் சுருதி சேர்த்த இரு வீணைகளுள் ஒன்றை மாற்றாமல் வைத்து, மற்றொன்றைப் படிப்படியாகத் தளர்த்தி ஒப்பிட்டுக் கேட்கும் சோதனையால் இருபத்திரண்டு சுருதிகளை விளக்குகிறது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917 ஆம் ஆண்டில் வெளியான கருணாமிர்த சாகரத்தில் இதனை மறுத்து, தமிழிசைக்கு இருபத்து நான்கு சம சுருதிகளே உரியவை என வாதிட்டார். டானியேலு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட முடிவுக்கு வந்தார். 2, 3, 5 ஆகிய மூன்று எண்களின் பெருக்கங்களால் அமையும் விகிதங்களையே மனித மூளை பொருளுடையவையாக இனங்காண்கிறது என்றும், ஒவ்வொரு விகிதமும் தனக்கே உரிய உணர்ச்சியை எழுப்புகிறது என்றும் அவர் கருதினார். இவ்வகையில் ஒரு தாயிக்குள் ஐம்பத்து மூன்று சமமற்ற இடங்களை அவர் வரையறுத்தார். 1943 இல் வெளியிட்ட இசை அளவுகள் பற்றிய ஆங்கில நூலிலும், 1967 இல் வெளியிட்ட பிரெஞ்சு நூலிலும் இக்கருத்துக்களை விளக்கினார்.

அடையாற்றில்

1954 ஆம் ஆண்டில் டானியேலு காசியை விட்டுச் சென்னைக்கு வந்து, அடையாறு நூலகத்தின் சுவடிகளுக்கும் பதிப்புகளுக்கும் பொறுப்பான இயக்குநரானார். அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் வளாகத்தில் அமைந்துள்ள இந்நூலகம் 1886 ஆம் ஆண்டில் என்றி ஆல்காட்டால் நிறுவப்பட்டது. பனையோலைச் சுவடிகள் பெருமளவில் உள்ள இந்நூலகம் இசை ஆய்வாளருக்கு மிகவும் ஏற்ற இடமாக இருந்தது. சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தை இரு உரைகளுடன் நான்கு தொகுதிகளாக 1943 முதல் 1953 வரையான காலத்தில் வெளியிட்டதும் இந்நூலகமே.

அடையாறு அக்காலத்தில் கலைகளின் இடமாகவும் விளங்கியது. உருக்மிணி தேவி அருண்டேல் 1936 ஆம் ஆண்டில் தோற்றுவித்த கலாசேத்திரா அங்குதான் தொடங்கியது. அங்கு நடனம் பயின்ற ராதா, பிரம்மஞான சபைத் தலைவர் நீ. சிறீராமின் மகளாவார். இவர் சான் ரெனுவாரின் தி ரிவர் திரைப்படத்தில் நடித்தவர். 1951 ஆம் ஆண்டில் ரேமண்டு பர்னியரை மணந்தார். டானியேலுவுக்குப் பின்னர், 1959 இல், நூலகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்ற ராதா பர்னியர் 1980 முதல் 2013 இல் தாம் மறையும் வரை பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தார்.

1956 ஆம் ஆண்டில் டானியேலு புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனத்திற்குச் சென்றார். அங்கு ந. இரா. பட்டுடன் இணைந்து இசை பற்றிய சமசுக்கிருத நூல்களைப் பதிப்பித்தார். இப்பணிகள் 1959 இல் வெளிவந்தன.

ஒலிப்பதிவுகள்

இந்திய இசையை எழுத்தால் மட்டும் உலகுக்கு விளக்க முடியாது என்று டானியேலு உணர்ந்திருந்தார். 1950களின் தொடக்கத்தில் இந்தியாவில் அவர் செய்த ஒலிப்பதிவுகள் 1955 ஆம் ஆண்டில் பிரான்சில் இசைத்தட்டுத் தொகுப்பாக வெளிவந்தன. இரவி சங்கர், அலி அக்பர் கான், டாகர் சகோதரர்கள் ஆகியோருடன் டி. கே. பட்டம்மாள், புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன் ஆகிய தென்னிந்தியக் கலைஞர்களின் இசையும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. அவர்களுட் பலர் அப்போது மேற்கு நாடுகளில் அறியப்படாதவர்கள். 1961 ஆம் ஆண்டு முதல் யுனெசுக்கோவின் ஆதரவில் வெளியான கீழைநாட்டு இசைத் தொகுப்பு வரிசைக்கும் டானியேலு பதிப்பாசிரியராக இருந்தார். 1963 இல் பெர்லினிலும் 1969 இல் வெனிசிலும் ஒப்பியல் இசை ஆய்வு நிறுவனங்களைத் தோற்றுவித்தார்.

இசைக் கருவிகள்

தம் கோட்பாட்டைக் காகிதத்தில் நிறுவுவதைவிட, அதைச் செவியால் சோதிக்க உதவும் கருவி வேண்டும் என்பதே டானியேலுவின் நோக்கமாக இருந்தது. அவரிடம் விகிதங்கள் இருந்தன. அவற்றை ஒலியாக்கும் தொழில்நுட்பம் பிறரிடம் இருந்தது. எனவே ஒவ்வொரு கருவியும் அந்தந்தக் காலத்துக் கைவினைஞர், பொறியாளர் ஆகியோரின் துணையுடன் உருவாயிற்று. ஒன்றில் கண்ட குறையிலிருந்து அடுத்தது பிறந்தது.

மார்த்தனோ கருவி: 1928 இல் தம் பெயரால் அமைந்த இலத்திரனியல் இசைக்கருவியை அறிமுகம் செய்த மொரீசு மார்த்தனோ, 1930களின் பிற்பகுதியில் டானியேலுவுக்காகச் சுருதிகளை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளக்கூடிய விசைக்கருவி ஒன்றை அமைத்தார்.

சுருதி வேணு: 1940களில் காசியில் உருவாக்கப்பட்டது, ஆர்மோனிய வகையைச் சேர்ந்தது. போர்க்காலத்தில் கிடைத்த பொருள்களைக் கொண்டு, மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளையும் பயன்படுத்தி அமைக்கப்பட்டது. இத்தகைய இயந்திரக் கருவியில் சுருதி நிலையாக நிற்பது கடினம்.

எசு-52: நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த தெபான் குடெல்சுக்கியின் சுவிட்சர்லாந்து நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர் கிளாடு செலியே இதனை உருவாக்கினார். ஒரு தாயிக்கு ஐம்பத்திரண்டு சுரங்களை ஒலித்த இலத்திரனியல் கருவி இதுவாகும். 1980 ஆம் ஆண்டளவில் பாரிசில் இது செயல்முறையில் காட்டப்பட்டது. இலத்திரனியல் அலையியற்றியால் சுருதி நிலைபெற்றது. எனினும் இக்கருவி மேடைக்கு உரியதாக அன்றி ஆய்வுக்கு உரியதாகவே நின்றது. செலியே பிற்காலத்தில் மெர்சிங் டெக்னாலசீசு என்னும் கணினி ஒலிப்பதிவு நிறுவனத்தை நிறுவினார்.

செமாந்திக்கு: 1993 ஆம் ஆண்டில் மிசேல் கெய்சு, கிறித்தியான் புரோ ஆகியோரின் முயற்சியால் முழுமை பெற்ற எண்ணிமக் கருவி. கெய்சு, இசையமைப்பாளர் சான் மிசேல் சாருக்காக இலத்திரனியல் கருவிகளை வடிவமைத்தவர். இதில் ஒரு தாயிக்கு முப்பத்தாறு சுரங்கள் உள்ளன. வழக்கமான பியானோ விசைகளில் இத்தனை சுரங்களை அடக்க இயலாததால், அக்கார்டியன் பொத்தான்களைப் போன்ற விசைகள் பயன்படுத்தப்பட்டன. டானியேலு மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் இக்கருவி உருவானது.

தமிழ் இலக்கியம்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையும் பண்டைத் தமிழிசையை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளாகும். டானியேலு இரா. சு. தேசிகனுடன் இணைந்து செய்த சிலப்பதிகாரப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1961 இலும், ஆங்கில மொழிபெயர்ப்பு 1965 இலும் வெளிவந்தன. தி. வே. கோபாலையருடன் இணைந்து செய்த மணிமேகலை மொழிபெயர்ப்பு 1989 இல் வெளியானது. வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் 1939 இல் வெளியிட்ட சிலப்பதிகார ஆங்கில மொழிபெயர்ப்பு ஆய்வாளர்களை நோக்கியது. டானியேலுவின் மொழிபெயர்ப்பு பொது வாசகர்களை நோக்கியது. சொல்லுக்குச் சொல் செல்லாமல் கதையோட்டத்திற்கு முதன்மை தந்ததால் அது பரவலாகப் படிக்கப்பட்டது.

திறனாய்வு

டானியேலுவின் சுருதிக் கோட்பாட்டை இசையியலாளர் அனைவரும் ஏற்கவில்லை. நசீர் அலி சைராசுபாய், ஏ. டபிள்யூ. இசுடோன் ஆகியோர் 1963 இல் வெளியிட்ட ஆய்வில், வட இந்தியக் கலைஞர்களின் ஒலிப்பதிவுகளைக் கருவிகளால் அளந்தனர். ஒரே இராகத்தில் ஒரே சுரத்தைக் கலைஞர்கள் ஒருவருக்கொருவர் வேறுபட்ட அளவில் இசைப்பதும், ஒரே கலைஞரின் சுரமும் இடத்திற்கு இடம் மாறுவதும் அதில் தெரியவந்தது. எனவே நிலையான சுருதிகளின் பட்டியல் நடைமுறை இசையை விளக்கப் போதாது என்பது திறனாய்வாளர் கருத்து. கருநாடக இசையில் இது மேலும் பொருந்தும். தோடியின் காந்தாரம் கமகத்தால் அசைவது. அதனை ஒரே ஓர் அதிர்வெண்ணில் நிறுத்திவிட முடியாது. நூல்களில் உள்ள வடமொழிக் கோட்பாட்டை டானியேலு சமகால நடைமுறைக்கு மேலாக வைத்தார் என்ற குறையும் கூறப்படுகிறது.

எனினும், நிலைத்து ஒலிக்கும் சுரங்களைப் பொறுத்தவரை அவர் சுட்டிய வேறுபாடு மெய்யானது. மேற்கத்திய பன்னிரு சமப் பகுப்பை உலகப் பொது அளவாகக் கொள்ளக்கூடாது என்ற அவரது வாதம் பின்னாளில் பல இசையமைப்பாளர்களால் ஏற்கப்பட்டது.

மறைவும் தொடர்ச்சியும்

டானியேலு 1960களில் ஐரோப்பாவுக்குத் திரும்பி, பின்னர் உரோமை நகருக்கு அருகிலுள்ள சகரோலோவில் வாழ்ந்தார். 1994 ஆம் ஆண்டு சனவரி 27 ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் லோசான் நகருக்கு அருகில் காலமானார்.

1983 இல் அறிமுகமான மிடி முறையால் வீட்டிலிருந்தே இலத்திரனியல் இசையை உருவாக்குவது எளிதாயிற்று. ஆனால் இதற்குரிய விசைப்பலகைகளும் மென்பொருள்களும் பொதுவாகப் பன்னிரு சமப் பகுப்பையே இயல்பு அமைப்பாகக் கொண்டவை. அவற்றில் கருநாடக இராகம் ஒன்றை அமைக்க முயல்வோர், காந்தாரமும் தைவதமும் தம்புராவுடன் இணையாததை விரைவில் உணர்வர். டானியேலு சந்தித்த சிக்கலும் இதுவே.

2013 ஆம் ஆண்டில் கிறித்தியான் புரோ, சாக்கு தூதோன், அர்னோ சிக்கார் ஆகியோர் செமாந்திக்குக் கருவியை மென்பொருளாக்கி, ஐம்பத்து மூன்று சுரங்களுடன் இலவசமாக வெளியிட்டனர். மிதிவண்டிக் கம்பிகளால் காசியில் ஒருவர் தமக்காகச் செய்துகொண்ட சோதனையை, இத்தகைய மென்பொருளின் துணையுடன் எவரும் தம் கணினியில் செய்து பார்க்கலாம். 240, 300 அதிர்வுகள் கொண்ட இரு ஒலிகளைச் சேர்த்துக் கேட்டு, பின்னர் 300 ஐ 302.4 ஆக மாற்றிக் கேட்பதே அதன் எளிய வடிவமாகும். மேற்சுரங்கள் நிறைந்த தம்புரா போன்ற ஒலியைத் தெரிவு செய்தால் வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.